யார் வீட்டு மரபணு?

சென்னைக்கு இதற்கு முன் நான் வந்ததெல்லாம் கல்யாணப் புடவை எடுக்கத்தான். பினாங்குத் தமிழர்களுக்குச் சென்னை என்றால் தி.நகர். விமானத்தை விட்டு இறங்கி நேராக ஜவுளிக் கடை, அங்கிருந்து நேராகத் திரும்ப விமானம். இந்த முறை பெட்டியில் புடவைக்கு இடமில்லை. சின்னச் சின்ன விளக்குகள், ஒயர், மரத்தில் கடைந்த மனித பொம்மைகள். சுங்க அதிகாரி ஒரு பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொலு வைக்கிறீங்களா?" என்று கேட்டார். "ஒரு மாதிரி கொலுதான்" என்றேன். விட்டுவிட்டார்.

அருங்காட்சியகங்களுக்குக் காட்சிப்பொருள் வடிவமைப்பது என் தொழில். சென்னையில் ஓர் அறிவியல் கூடத்தில் மரபணுவைப் பற்றிப் புதிதாக ஓர் அறை திறக்கப்போகிறார்கள். ஒரே மருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது, ஏன் செய்யாது என்பதை வருகிறவர்களுக்குப் புரியவைக்க வேண்டும். அறையின் நடுவில் வைக்கும் காட்சி என் பொறுப்பு.

தங்குவதற்கு அபிராமபுரத்தில் ஒரு மாடி அறை கிடைத்தது. முதல் நாள் காலையில் தெருமுனைக் கடையில் பொங்கல் சாப்பிட்டேன். நெய் விரலை விட்டுப் போகவே இல்லை. எங்கள் ஊரில் பொங்கல் என்று தட்டில் வைப்பதை இவர்கள் பார்த்தால் கஞ்சி என்பார்கள். அந்தப் பொங்கலோடு வாடகைக் காரில் ஏறி மயிலாப்பூருக்குப் புறப்பட்டேன். நடந்தே போயிருக்கலாம். மெட்ரோ ரயிலுக்காகத் தெருவெல்லாம் தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். ஒரே பிள்ளையார் கோவிலை மூன்று பக்கத்திலிருந்தும் தரிசித்த பிறகு ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டினார்.

"மேடம், நேத்து இருந்த ரோடு இன்னிக்கு இல்ல. தோண்டிக்கினே கீறாங்க. நீங்க எறங்கி நடந்தீங்கன்னா சீக்கிரம் பூடுவீங்க."

இறங்கி நடந்தேன். சீக்கிரமாகவே போய்விட்டேன்.

டாக்டர் லலிதா ரத்த நோய் மருத்துவர். எங்கள் அறைக்கு ஆலோசகர் அவர்தான். நாலு தலைமுறையாக மயிலாப்பூரில் இருக்கும் குடும்பம். கூடத்தில் ஒரு பக்கம் வீணை, இன்னொரு பக்கம் நுண்ணோக்கி. "உக்காருங்கோ. உங்க ஊர் வொயிட் காபியெல்லாம் எங்காத்துல கிடையாது. இதைக் குடிச்சுண்டே பேசலாம்" என்று டபராவை நீட்டினார்.

எந்த உதாரணத்தை நடுவில் வைப்பது என்று பேசினோம். அவர் சொன்னது ஜி6பிடி குறைபாடு. ரத்தச் சிவப்பணுக்களுக்குக் கவசம் போல ஒரு பொருள் உடம்பில் சுரக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது. மலேரியாவுக்குக் கொடுக்கும் ஒருவகை மாத்திரையைப் போட்டால் மட்டும் சிவப்பணுக்கள் மளமளவென்று உடையும். மற்றவரைக் காப்பாற்றுகிற மாத்திரை இவரைச் சாய்த்துவிடும். பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்குத்தான் இந்தத் தொல்லை. ஆனால் அது பிள்ளைக்கு வருவது தாயிடமிருந்து. தாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது.

எனக்கு இது புதிதில்லை. என் மகனுக்கே இருக்கிறது. மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிடுவார்கள். என்னென்ன கூடாது என்று தாதி சொல்லிவிட்டுப் போவார். மூக்குக்கண்ணாடி போட்ட பிள்ளை, போடாத பிள்ளை என்பது போல அங்கே இதுவும் ஒரு சாதாரண சங்கதி. என் மாமியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. "அது ஒங்க ஊர்ல. இங்க எல்லாக் குழந்தைக்கும் பாக்கறதில்லை. ஒண்ணு ஆனப்புறம்தான் எங்கிட்ட வரா" என்றார் டாக்டர். அப்படி அவரிடம் வந்த ஒரு தாய் நம் அறைக்காகப் பேச ஒத்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். அவள் பெயர் மேகலா.

மேகலாவைச் சந்திக்க மறுநாள் தி.நகருக்குப் பேருந்தில் போனேன். ரங்கநாதன் தெருவில் நாமாக நடக்க வேண்டியதில்லை, கூட்டமே கொண்டுபோய்விடும். என்னை அது இரண்டு கடை தாண்டிக் கொண்டுபோய் விட்டது. எதிர்நீச்சல் போட்டுத் திரும்பி வந்தபோது மேகலா தையற்கடை மாடிப்படியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முப்பது வயதைத் தொடாத பெண். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. அடையாற்றுக் கரையில் பிறந்து வளர்ந்தவள். கரையைக் காலி செய்தபோது குடும்பத்தை ஊருக்கு வெளியே அடுக்குமாடிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து தினமும் இரண்டு பேருந்து மாறி வேலைக்கு வருகிறாள்.

"சாப்ட்டுக்கினே பேசலாம்க்கா" என்று சாம்பார் சாதத்தில் பாதியை டப்பா மூடியில் தள்ளி என் பக்கம் நகர்த்தினாள். வாழைக்காய்ப் பொரியலும் இருந்தது. நான் ஒலிப்பதிவுக் கருவியை அழுத்தினேன்.

மகன் விக்கிக்குக் காய்ச்சல். மலேரியா என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்தபோது வாங்கிய மாத்திரை மிச்சம் இருந்ததால் கொடுத்தார்கள். "அவங்க நல்லதுக்குத்தான் குடுத்தாங்க. அவங்க பையனுக்குக் கேட்டுச்சு. எம்புள்ளைக்கு ஒன்னுக்குப் போறது கருப்புக் காபி மாதிரி ஆயிடுச்சு. கண்ணு மஞ்சளா பூடுச்சு. தூக்குனா துணி மாதிரி தொங்குறான்க்கா. ரத்தம் ஏத்துனாங்க. பொழச்சிக்கினான்." சொல்லிவிட்டுச் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. பிறகு, "இத நாலு பேரு கேட்டா நல்லதுதானக்கா?" என்றாள். நல்லது என்றேன்.

காட்சிப்பொருளைச் செய்யும் பட்டறை கொட்டிவாக்கத்தில். நடத்துகிறவர் ஆனந்த். சினிமாவுக்குக் கோட்டை கட்டிக்கொண்டிருந்தவர், இப்போது எங்களைப் போன்றவர்களுக்குச் செய்கிறார். போகும்போது ஷேர் ஆட்டோவில் தூங்கிவிட்டேன். எழுப்பிவிட்டவள் மடியில் மீன்கூடை வைத்திருந்த ஒரு பெண். "எந்த ஸ்டாப்புமா ஒனக்கு? அது பூடுச்சே" என்று சிரித்தாள். கடற்கரைச் சாலையில் வெயிலில் திரும்பி நடந்தேன். பட்டறையில் ஆனந்த் இளநீர் வெட்டிக் கொடுத்தார். எங்கள் ஊரில் இளநீரில் ஐஸ் போட்டுக் கெடுத்துவிடுவோம்.

நாங்கள் செய்து முடித்தது ஒரு குடும்ப மரம். பலகையில் மேலே பாட்டி பொம்மை, அதற்குக் கீழே தாய், கடைசியில் மகன். பொத்தானை அழுத்தினால் பாட்டி மேல் மஞ்சள் விளக்கு எரியும். வெளிச்சம் நூல் போல இறங்கித் தாய்க்கு வரும், அங்கிருந்து மகனுக்கு. அதே நேரத்தில் மேகலாவின் குரல் கேட்கும். மேலே ஒரு தலைப்பு: "இது யாரிடமிருந்து வந்தது?" இரண்டு முறை அழுத்திப் பார்த்தேன். எனக்கே பிடித்திருந்தது. ஆனந்த் உதவியாளர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

மேகலாவின் குரலைப் பயன்படுத்துவதற்கு முன் அவள் ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த நாள் மதியம் வந்தாள். கூடவே அவள் மாமியார் கஸ்தூரி. ஆற்றங்கரையில் பூ கட்டி விற்றவர், இப்போது முழங்கால் வலியால் வீட்டில் இருக்கிறார். டாக்டர் லலிதாவும் வந்திருந்தார். பட்டறைக்குள் வந்ததும் கஸ்தூரி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோவிலுக்குள் வருவது போல வந்து மரத்துக்கு முன் நின்றார்.

நான் பொத்தானை அழுத்தினேன்.

வெளிச்சம் பாட்டியிடமிருந்து தாய்க்கு இறங்கியது. தாயிடமிருந்து மகனுக்குப் போனது. கஸ்தூரி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேகலா பக்கம் திரும்பினார்.

"அப்போ ஒங்கம்மா குடுத்ததுதான் இது. நான் அப்பவே சொன்னேன். எங்க வூட்ல யாருக்கும் இந்த மாதிரி வந்ததில்ல."

ஒலிபெருக்கியில் மேகலாவின் குரல் மட்டும், தூக்கினால் துணி மாதிரி தொங்குகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஆனந்த் அதை நிறுத்தினார். நான் செய்த பொருள் என் கண் முன்னாலேயே அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது. இது யாரிடமிருந்து வந்தது என்று கொட்டை எழுத்தில் கேட்டவளும் நான்தான். மாமியார் வாய் திறக்காத வீட்டில் பிள்ளை பெற்ற எனக்கு, இந்தக் கேள்வி இன்னொரு வீட்டில் எப்படிக் கேட்கும் என்று தோன்றவே இல்லை.

டாக்டர்தான் பேசினார். "மேகலாவுக்கு அவ அம்மா வழியாத்தான் வந்திருக்கணும்னு இல்லை. மேகலாவோட அப்பாவுக்கு இருந்தா, அவர்கிட்டேர்ந்து பொண்ணுக்குக் கட்டாயம் வந்திருக்கும். மேகலா, உங்கப்பாவுக்கு இந்த மாதிரி ஏதாவது?"

"எங்க நைனா நான் சின்னப்புள்ளையா இருக்கும்போதே பூட்டாருங்க. எனக்குத் தெரியாது."

"எங்கண்ணனுக்கா?" என்றார் கஸ்தூரி.

எனக்கு முதலில் புரியவில்லை. மேகலா விளக்கினாள். கஸ்தூரி அவளுக்கு மாமியார் மட்டுமில்லை, அப்பாவோடு கூடப்பிறந்த அத்தையும்கூட. அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறாள்.

"எங்கண்ணன் மாடு மாதிரி ஒழைச்ச மனுசன். அதுக்கு ஒன்னும் கெடையாது. ஒரே ஒரு வாட்டி காய்ச்சல் வந்து மாத்திர போட்டுச்சு. அப்பத்தான்…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. வெளியே கடல் காற்றில் தார்ப்பாய் அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பத்தான் இன்னா?" என்று மேகலா கேட்டாள்.

"கருப்பா போச்சு. ஒன்னுக்கு. எங்கம்மா காமாலைனு சொல்லி கீழாநெல்லி அரைச்சுக் குடுத்துச்சு. நான்தான் அம்மில அரைச்சேன்."

அங்கே இருந்த ஸ்டூலில் கஸ்தூரி உட்கார்ந்துவிட்டார். நான் வெளிநாட்டுப் புத்தகங்களில் பார்த்துப் பழகிய குடும்ப மரத்தில் இரண்டு குடும்பங்கள் இரண்டு கிளையாக வந்து ஒரு கல்யாணத்தில் சேரும். இந்தக் குடும்பத்தை அதில் வரையவே முடியாது. கோடு சுற்றிக்கொண்டு அதே வீட்டுக்கு வந்து நிற்கிறது. உங்க வீடு, எங்க வீடு என்று பிரிக்க அதில் இடமில்லை.

"அப்போ எங்கம்மாகிட்டருந்து அண்ணனுக்கு" என்றார் கஸ்தூரி மெதுவாக. "எனக்கும் இருக்குமா டாக்டரம்மா?"

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரெண்டுக்கும் சம வாய்ப்பு. பரிசோதனை பண்ணிப் பாக்கலாம்."

"எம்பொண்ணுக்கு?"

மகள் சுமதி நிறைமாதமாக ஆதம்பாக்கத்தில் இருந்தாள். கஸ்தூரியின் வீடு மேல்மாடி, ஏறி இறங்க முடியாது என்று பிரசவத்துக்கும் புகுந்த வீட்டிலேயே இருக்கிறாளாம். டாக்டர் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பரிசோதனை முடிவுக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், பிரசவம் பார்க்கும் இடத்தில் இப்போதே சொல்லிவிடுங்கள், குழந்தை பிறந்ததும் ரத்தம் எடுத்துப் பார்க்கட்டும், மஞ்சள் ஏறுகிறதா என்று கவனிக்கட்டும் என்றார். கஸ்தூரி தலையை ஆட்டினார். பிறகு, "அப்போ சம்பந்தி வூட்லயும் சொல்லணும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

மறுநாள் நான் பட்டறைக்குப் போகவில்லை. லஸ் பக்கம் ஒரு பூங்காவில் உட்கார்ந்து மரத்தை வேறு மாதிரி வரைந்து பார்த்தேன். விளக்கின் நிறத்தை மாற்றினேன். பாட்டிக்குப் பதில் தாத்தாவிலிருந்து தொடங்கினேன். அப்போதும் யாரோ ஒருவர் கூண்டில் நின்றார். பக்கத்துப் பெஞ்சில் நடைப்பயிற்சி முடித்த இருவர் ஒருவரது சர்க்கரை மாத்திரையை இன்னொருவருக்குச் சிபாரிசு செய்துகொண்டிருந்தார்கள். "எனக்கு அமிர்தம் சார். நீங்களும் அதையே போட்டுப் பாருங்கோ." எங்கள் அறைக்கு வர வேண்டியவர்கள் இவர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் மேகலா போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, அத்த ராவெல்லாம் தூங்கல. இன்னிக்கு ஆதம்பாக்கம் போவலாம்ங்குது. நீங்களும் வர்றீங்களா? ஒங்க புள்ளைக்கும் கீதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க பக்கத்துல இருந்தா அதுக்குத் தெம்பா இருக்குமாம்."

ஆட்டோவில் மூவரும் நெருக்கி உட்கார்ந்து போனோம். கஸ்தூரி மடியில் ஒரு பையில் பழமும் பூவும். வேளச்சேரி தாண்டி ஆட்டோ பஞ்சர் ஆகி நின்றது. ஓட்டுநர் சக்கரம் மாற்றும் வரை சாலையோர நிழலில் நின்றோம். அப்போது கஸ்தூரி என்னிடம், "மேகலாவ நான் இன்னா பேச்சு பேசினேன்னு எனக்குத் தெரியும்மா. அதே பேச்ச அவங்க எம்பொண்ண பேசுவாங்க" என்றார். மேகலாவுக்கும் கேட்டிருக்கும். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுமதியின் மாமியார் பெயர் ராணி. உயரமாக, குரல் கனமாக இருந்தார். மிளகாய் பஜ்ஜி போட்டு வைத்திருந்தார். கஸ்தூரி பஜ்ஜியைப் பற்றிப் பேசினார், வெயிலைப் பற்றிப் பேசினார், ஆட்டோ பஞ்சரானதைக்கூட முழுக்கச் சொன்னார். தட்டு காலியானது. சுமதி வயிற்றில் கை வைத்தபடி சமையலறை வாசலில் நின்றாள்.

"சம்பந்தி, ஒன்னு சொல்லணும்" என்றார் கஸ்தூரி கடைசியில். "எங்க வூட்டு ரத்தத்துல ஒரு கொறை கீது. எங்கண்ணனுக்கு இருந்துச்சு. எம்பேரனுக்கு கீது. எங்கிட்டயும் இருக்கும்போல. சுமதிக்குப் பையன் பொறந்தா அவனுக்கும் வந்தாலும் வரும்."

ராணி தட்டை எடுக்கப் போனவர் அப்படியே நின்றார். "இத கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"அப்போ தெரியாது. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பனான்னு கேட்டா, அதுவும் தெரியல."

ராணியின் முகம் இறுகியது. சுமதி அழத் தொடங்கினாள். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. என் மகன் கதை, மலேசியாவின் நடைமுறை எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் மேகலா பேசிவிட்டாள்.

"எம்பையன் ஸ்கூலுக்குப் போறான்மா. நாள் பூரா கபடி ஆடுறான். சில மாத்திர அவனுக்கு ஆவாது, அவ்ளோதான். எங்களுக்கு யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா அன்னிக்கு அவன் அப்டி கெடந்திருக்க மாட்டான். அதான் அத்த வந்துகீது."

ராணி தட்டை விட்டுவிட்டு உட்கார்ந்தார். பிறகு கேட்டார்: "மாத்திர மட்டும்தானா? வேற இன்னா ஆவாது?"

மேகலா டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். எந்த மருந்தானாலும் டாக்டரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். அந்துருண்டை கூடவே கூடாது, அது போட்டு வைத்த துணியைக்கூடக் குழந்தைக்குப் போடக் கூடாது.

ராணி எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு துணி மூட்டையோடு வந்தார். வாசனை அவருக்கு முன்னால் வந்தது. அவருடைய மகன் குழந்தையாக இருந்தபோது போட்ட சட்டைகள். பேரப்பிள்ளைக்கென்று இத்தனை வருஷம் அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார். "நீ அந்தாண்ட போ" என்று சுமதியை விரட்டிவிட்டு, மூட்டையை அப்படியே கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்தார். திரும்பி வந்தபோதும் கோபம் போகவில்லை. கஸ்தூரியைப் பார்க்காமல் மேகலாவிடம் சொன்னார்:

"நீ தைக்கிற பொண்ணுதான? மல் துணில நாலு சட்டை தெச்சுக் குடு. முன்னால முடிச்சு போடுற மாதிரி தை. பட்டன் வாணாம், புள்ளைய உறுத்தும்."

மேகலா கழுத்தில் இல்லாத அளவு நாடாவைத் தேடினாள். கஸ்தூரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பும் முன் மிச்சமிருந்த நாட்களில் ஆனந்தும் நானும் மரத்தைப் பிரித்தோம். புதிய பலகையில் விளக்கு மேலிருந்து இறங்குவதில்லை. வருகிறவர் எந்தப் பொம்மையை வேண்டுமானாலும் தொடலாம். தொட்டால் அந்த ஆளைச் சுற்றி யார் யாருக்கெல்லாம் இது இருக்கக்கூடும் என்று நாலா பக்கமும் விளக்கு எரியும். அத்தை, மாமன், பிறக்கப்போகும் பிள்ளை எல்லோருக்கும். தலைப்பையும் மாற்றினோம்: "இதை யாரிடமெல்லாம் சொல்ல வேண்டும்?" குரலைப் பயன்படுத்தலாமா என்று மேகலாவிடம் மறுபடி கேட்டேன். பெயரை மாற்றிவிட்டால் போதும் என்றாள். சுமதி வீட்டிலும் கேட்கச் சொன்னேன். அவர்கள் ஒரு நாள் யோசித்துச் சம்மதித்தார்கள்.

பினாங்கில் ஒரு மதியம் மேகலாவின் குரல் செய்தி வந்தது. பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம். சுமதிக்கு ஆண் குழந்தை. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் அவனுக்கும் இருக்கிறதாம். முன்னாலேயே சொல்லி வைத்ததால், மஞ்சள் ஏறத் தொடங்கிய உடனே நீல விளக்கின் கீழ் வைத்துவிட்டார்கள். இப்போது இறங்கிவிட்டது, பால் குடிக்கிறான்.

"எங்க அத்தையப் பாக்கணுமே நீங்க. வார்டுல வர்ற நர்சு, ஆயா, பக்கத்து கட்டில்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு கீது, எங்க வூட்டுப் பசங்களுக்கு அந்த மாத்திரலாம் ஆவாதுன்னு. ஏதோ பெரிய எடத்துப் புள்ளைங்க மாதிரி சொல்லுதுக்கா. கூடவே ராணியம்மா நின்னுக்கினு, ஆமா, எங்க வூட்டுப் பசங்களுக்கு ஆவாதுங்குறாங்க."